கையை எடுக்கும் நேரம்

மலையடிவாரத்து மடத்தில் எல்லாரும் சின்னம்மாவிடம் ஞானத்தைப் பற்றிக் கேட்பார்கள். உலகம்மாள் மட்டும் நாயைப் பற்றிக் கேட்டாள்.

"தொட விடமாட்டேங்குது, சின்னம்மா."

"எது?"

"அந்தச் சடையன்தான். வேற எது?"

சின்னம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மடத்தை நடத்திவந்த பெரியம்மா காலமான பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தவள். தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர்களோ அவள் காலில் விழுவார்கள். ஐம்பத்தாறு வயது உலகம்மாளும் விழுவாள். விழுந்து எழுந்திருக்கும்போதே அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலை வந்துவிடும்.

அது அவளோடு கூடப் பிறந்த குணம். மழை பெய்தால் துணி காயாதே என்பாள். பெய்யாவிட்டால் கிணறு வற்றுமே என்பாள். புருஷன் இறந்து, ஒரே மகளும் வேலைக்கென்று திருப்பூரோடு போன பிறகு, அத்தனை கவலையையும் யார்மேல் வைப்பது என்று தெரியாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். மடத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள். பந்தியில் "குழம்பு போதுமாக்கா?" என்று மறக்காமல் கேட்பார்கள். அதற்குமேல் அவளிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதுதான் சடையன் வந்தது. அருவிக்குக் குளிக்க வந்த யாரோ மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போன குட்டி. உடம்பு முழுக்க நீளமான முடி. அந்த முடி எங்கும் நாயுருவி முள் ஒட்டி, முடிச்சு முடிச்சாகச் சடை விழுந்து, காதுக்குக் கீழே உண்ணி மிளகாய்விதை மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. வந்த அன்றே அடுப்படிக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மடத்து நிர்வாகம் பார்க்கும் நெல்லையப்பன்தான் சடையன் என்று பெயர் வைத்தான். "பேரு சாமி பேரு, குணம் பேய்க் குணம்," என்று சிரித்தான்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. அந்தக் குட்டியைப் பார்த்த நிமிஷத்திலேயே அவளுக்கு ஊசி குத்தியதுபோல் இருந்தது. சாரல் காலம். ஈரத்தில் அந்தச் சடைக்குள் புண் வரும். புண்ணில் புழு வைக்கும். இரவு பகலாக அதே நினைப்பு. ஆனாலும், காலையில் கண் விழிக்கும்போது எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அது அவளுக்கு ரொம்ப நாளாக இல்லாமல் இருந்த ஒன்று.

ஆனிப் பௌர்ணமிக்குக் கூட்டம் வந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து என்பவர், "பாவம், குட்டி" என்று குனிந்து கையை நீட்டினார். சடையன் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. மனுஷர் யாரையும் திட்டாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊசி போடப் போனார்.

நெல்லையப்பன் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, ஆவணிப் பௌர்ணமிக்கு அன்னதானக் கூட்டம் வரும். அதுக்குள்ள இது மனுஷன் கைக்குப் பழகணும். இல்லைன்னா எஸ்டேட் லாரியில ஏத்தி மலைமேல விட்டுருவேன்."

"மலைமேல சிறுத்தை கெடக்கே, அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய? கடிச்சா பதில் சொல்லுதது நான்."

அதனால்தான் அவள் சின்னம்மாவிடம் வந்து நின்றாள்.

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க, அக்கா?"

உலகம்மாள் தன் சாமர்த்தியத்தைச் சொன்னாள். இடது கையில் மோர்ச் சோறு வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். வாசம் பிடித்து வெளியே வரும். வாயை வைத்ததும் வலது கையால் பிடரியைப் பிடித்துவிடுவாள். சீப்பு மடியில் தயாராக இருக்கும்.

"மொத ரெண்டு நாளு நல்லா வந்துச்சு."

"இப்ப?"

"இப்ப சோத்தைப் பாத்தாலே ஓடுது."

"அப்ப எப்பத்தான் திங்குது?"

"நான் எந்திரிச்சுப் போன பெறகு."

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"போய்ப் பக்கத்துல உக்காருங்க," என்றாள் சின்னம்மா. "கையில ஒண்ணும் வேண்டாம்."

உலகம்மாள் போய் விறகு அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னம்மா அந்தப் பக்கம் வந்தாள். உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இது என்னக்கா?"

"கை சும்மா இருந்தா எனக்கு என்னமோபோல இருக்கு, சின்னம்மா."

சின்னம்மா கீரையை வாங்கிக்கொண்டாள்.

"மடியில?"

"சீப்பு."

அதையும் வாங்கிக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"வேப்பெண்ணெய்க் குப்பி ஒண்ணு இருக்கு. கசியாது, மூடி இறுக்கமா இருக்கு."

"அப்புறம்?"

"கத்திரிக்கோல்."

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியே மடியில இருக்கே, அக்கா. நானா இருந்தாலும் ஓடத்தான் செய்வேன்."

எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெறுங்கையோடு உட்காருவது உலகம்மாளுக்கு லேசாக இல்லை. விரல்கள் சேலைக் கரையைத் திருகின. தரையில் கிடந்த சருகைப் பொறுக்கின. விறகுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் முகத்தை அவை பார்க்கவே இல்லை.

நாளாக ஆக, சடையன் வெளியே வந்து படுக்க ஆரம்பித்தது. முதலில் எட்டாத தூரம். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டும் தூரம். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. கையை வைத்தாள். ஒரு மூச்சு நேரம் அது பொறுத்தது. பிறகு உறுமிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

அவள் சின்னம்மாவிடம் ஓடினாள்.

"சும்மா தடவத்தான் செஞ்சேன்! அதுக்கே உறுமுது."

"எங்க தடவுனீங்க?"

"காதுக்குக் கீழ."

"ஏன் அங்க?"

"அங்கதானே உண்ணி..."

"தடவுனீங்களா, அக்கா? தேடுனீங்களா?"

உலகம்மாள் திரும்பி வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மகள் செந்திருவின் நினைவு வந்தது. திருப்பூர் போன புதிதில் அவள் லீவுக்கு வருவாள். வாசற்படி ஏறுவதற்குள் உலகம்மாள் அவள் மேவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாள். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா, கழுத்தெலும்பு தெரிகிறதா, முடி கொட்டியிருக்கிறதா. வகிட்டைப் பிரித்துப் பேன் பார்ப்பாள். புஜத்தைக் கிள்ளிச் சதை பார்ப்பாள். கடைசியாக வந்தபோது செந்திரு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "வந்ததும் வராததுமா என்னைச் சோதனை போடாதம்மா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போன் மட்டும்தான். "நல்லா இருக்கேம்மா." அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.

மழைச் சத்தத்தில், விறகுக்கு அடியில் சடையன் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது.

உலகம்மாளின் குதிகால்கள் இரண்டும் வெடித்திருந்தன. எந்நேரமும் ஈரத்திலேயே நின்று, வெடிப்புக்குள் ரத்தம் தெரிந்தது. கால் விளிம்பை ஊன்றி நடப்பாள். யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் வாய்க்கால் படியில் துணி துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சின்னம்மா வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"காலைக் காட்டுங்கக்கா."

உலகம்மாள் பதறிப்போய்க் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என்ன பேச்சு பேசுதீங்க! நான் விழுந்து கும்பிடுத இடம் நீங்க. என் காலை நீங்க தொடுததா? எனக்குப் பாவம் சேக்காதீங்க, தாயே."

சின்னம்மா எழுந்து போய்விட்டாள்.

மறுநாளும் வந்தாள். காலைப் பற்றிப் பேசவே இல்லை. எலுமிச்சை பூ விட்டிருக்கிறது, இந்த வருஷம் ஊறுகாய்க்குக் காய் வாங்க வேண்டியிராது என்றாள். எழுந்திருக்கும்போது உலகம்மாளின் கணுக்காலில் ஒரு விரலை வைத்தாள். உலகம்மாள் காலை இழுப்பதற்குள் விரல் போய்விட்டது. சின்னம்மாவும் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் புறங்காலில் உள்ளங்கை. தண்ணீரில் இலை ஒட்டி விலகுவதுபோல, உடனே எடுத்துவிட்டாள்.

இப்படியே போயிற்று. பேச்சு எதைப் பற்றியோ இருக்கும். கை வரும், போகும். ஒருநாள் குதிகால்வரை வந்தது. உலகம்மாளின் கால் நடுங்கியது. மறுநாள் கை அவ்வளவு தூரம் வரவில்லை, கணுக்காலோடு நின்றுவிட்டது. உலகம்மாளுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஆனால் துணி துவைத்து முடிகிற நேரத்தில் தன் காது படிப்பக்கம் காலடிச் சத்தத்தைத் தேடுவதை அவள் கவனித்தாள்.

ஒருநாள் சின்னம்மா வந்தாள், பேசினாள், தொடாமலே எழுந்தாள்.

உலகம்மாளின் கால் தானாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

சின்னம்மா மறுபடி உட்கார்ந்தாள். அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படியில் கிடந்த சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்தாள். முந்தானையில் முடிந்திருந்த குப்பியிலிருந்து வெடிப்பில் எண்ணெய் விட்டாள். பிறகு மற்றக் காலை எடுத்தாள்.

உலகம்மாள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் இறந்த அன்று யார் யாரோ கட்டிப் பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்தக் கைகளெல்லாம் எங்கே போயினவோ. கடையில் சில்லறை கொடுக்கிறவன் விரல் பட்டால்தான் உண்டு. இத்தனை வருஷமும் அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"நான் எப்பக் காலை இழுப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாதுக்கா. அதுக்கு முன்னாடியே கையை எடுத்துக்கிட்டேன்."

அன்று சாயங்காலம் உலகம்மாள் சடையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் தோளில் ஒரு விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள். சடையன் தலையைத் திருப்பி, அந்த விரல் எங்கே போயிற்று என்று பார்த்தது. ஒரு துண்டு தோசையைப் போட்டாள். எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான். அதைத்தான் தினமும் செய்தாள். தோள், முதுகு, முன்னங்கால். பாதத்தைத் தூக்குவாள், உடனே வைத்துவிடுவாள். சின்னம்மாவிடம் திரும்ப வாங்கிய சீப்பைத் தரையில் போட்டுவைத்தாள். சடையன் அதை மோந்தது, நக்கியது, கடித்து அதில் ஒரு பல்லை முறித்தது. முறிக்கட்டும் என்று விட்டாள். அந்தப் பல் போன சீப்பால் முதுகில் ஒரே ஒரு இழுப்பு. அன்றைக்கு அதோடு சரி.

நடுவில் ஒருநாள் புத்தி கெட்டது. கண் முன்னால் ஒரு நாயுருவி முள் ஆடிக்கொண்டிருந்தது. சாரல் வேறு வலுத்திருந்தது. வெடுக்கென்று பிடுங்கினாள். சடையன் வீல் என்று கத்திக்கொண்டு விறகுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெறுங்கை, எட்டாத தூரம், முதுகு.

"பௌர்ணமி நெருங்குது, அக்கா," என்று நெல்லையப்பன் அடுப்படி வாசலில் நின்று சொன்னான்.

"தெரியும் அண்ணாச்சி."

"லாரிக்காரன்கிட்ட சொல்லி வைக்கட்டா?"

"உங்க வாய்க்குத்தான் மொதல்ல ஒரு லாரி பிடிக்கணும். போங்க அந்தப் பக்கம்."

ஆவணி பிறந்தது. காதுக்குக் கீழே அவள் விரல் போனால் சடையன் கண்ணை மூடிக்கொண்டது. உண்ணியை ஒவ்வொன்றாக எடுத்து வேப்பெண்ணெயில் போட்டாள். சடை சடையாக வெட்டினாள். வெட்ட வெட்ட, உள்ளே இருந்து எலும்பும் தோலுமாக ஒரு சின்ன உடம்பு வெளியே வந்தது. கடைசிச் சடையை வெட்டியபோது குட்டி அவள் மடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கால் மரத்துவிட்டது. ஊற வைத்த உளுந்து புளித்துவிடுமே என்று நினைத்தாள். புளிக்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

பௌர்ணமி அன்று நெல்லையப்பன் கூட்டம் சேருமுன்பே வந்து சடையனின் வாலைப் பிடித்துப் பார்த்தான். பாதத்தைப் பிடித்துப் பார்த்தான். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான். அது அவன் முழங்கையை நக்கியது.

"என்னக்கா, மந்திரம் போட்டீங்களா? இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்."

உலகம்மாளுக்கு அன்று கரண்டி பிடித்த கை கரண்டியில் நிற்கவில்லை. பந்தியில் ஆளுக்கு இரண்டு அகப்பை பாயசம் விட்டாள். யார் யாரோ சடையனைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு, சுடலைமுத்து மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையில் பழைய கடித்தழும்பு. சடையன் அவரிடம் போனது. மோந்தது. அவர் கையை நீட்டவில்லை, பயம். புறங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சடையன் அவர் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிட்டது.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சின்னம்மாவிடம் வந்தார்.

"தாயி, இந்தக் குட்டியை நான் கொண்டுபோகட்டா?"

"அக்காகிட்ட கேளுங்க."

அவர் உலகம்மாளிடம் வந்து நின்றார். பெரிய ஆள், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. எங்க வீட்டுக்காரி போன தையில போய்ச் சேந்துட்டா. முப்பது வருஷம் பஸ்ஸுக் கூட்டத்துல நசுங்குனவன் நான். இப்ப வீட்டுக்குள்ள நடந்தா என்மேல இடிக்க ஒரு ஆளு இல்ல."

முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனியில்தான் இருந்தது.

"உண்ணி எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் குடுங்க."

"வேப்பெண்ணெய் உண்டா வீட்டுல?"

"வாங்கிருதேன்."

"காதுக்குக் கீழ கையை வச்சா ஒரு நேரத்துல தலையைத் திருப்பும். திருப்புததுக்கு முன்னாடி கையை எடுத்துரணும்."

"எப்பத் திருப்பும்னு எப்படித் தெரியும்?"

உலகம்மாள் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டாள். "கொஞ்சம் முன்னாடியே எடுத்துருங்க," என்றாள்.

சடையன் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. தலை அவர் செருப்பின்மேல் இருந்தது. வால் அவள் சேலைக் கொசுவத்தின்மேல் கிடந்தது.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

கடைசி பஸ்ஸுக்கு அவர் புறப்பட்டார். கயிறு தேவைப்படவில்லை. அவர் நடக்க, அது கூடவே நடந்தது. பாதை திரும்புகிற இடத்தில் சடையன் மட்டும் நின்று மடத்தைத் திரும்பிப் பார்த்தது. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்துவிடும். உலகம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பஸ் சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு நேரே சின்னம்மாவிடம் போனாள். எப்போதும்போல விழுந்து கும்பிடவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"உங்க பேச்சைக் கேட்டு நான் இதைச் செஞ்சிருக்கக் கூடாது."

சின்னம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். உலகம்மாள் நிறுத்தவில்லை.

"அது மனுஷன் கைக்குப் பயந்தே இருந்திருந்தா, கண்டவங்க மடியில போயிச் சாய்ஞ்சிருக்காது. யாரும் கேட்டிருக்கமாட்டாங்க. லாரி வந்தாலும் நான் எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பேன். சாரலோ வெயிலோ, இன்னைக்கும் அந்த விறகுக்கு அடியிலதான் கெடந்திருக்கும். எங்கிட்டயே இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு உலகம்மாள் விறகு அடுக்குப் பக்கம் பார்த்தாள்.

சின்னம்மா கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள்போல, மெதுவாகக் கேட்டாள்.

"விறகுக்கு அடியில கெடந்துச்சே, அப்ப அது யார்கிட்ட இருந்துச்சு, அக்கா?"